ட்ரேஸ் வருதா?

ஆகஸ்ட் 4, திங்கள்
ஐசியூவில் நைட். மூன்றாம் பெட். குட்டைக் கழுத்து, வாய் நிறைய நாக்கு. லாரிங்கோஸ்கோப் பிளேடைத் தூக்கினால் எபிகிளாட்டிஸ் நுனி மட்டும். பூஜி குச்சியை மூச்சுக்குழாய்க்குள் விட்டு, அதன் மேல் டியூப். உள்ளே. அதற்குள் பிரஷர் எழுபது. வெளியே வந்தால் ஆளாளுக்கு ஒரே கேள்வி: "போயிடுச்சா?" போயிடுச்சு, போயிடுச்சு. இடது மணிக்கட்டு விண்விண் என்கிறது. குரல்நாணைத் திரையில் காட்டும் வீடியோ ஸ்கோப் பீரோவுக்குள். சாவி இன்சார்ஜ் சிஸ்டர் வீட்டில்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்
தூக்கமில்லை. கண்ணை மூடினால் மானிட்டர். ஆக்சிஜன் சாச்சுரேஷன் இறங்க இறங்க சுருதியும் இறங்குமே, அந்தச் சத்தம். எழுந்து இன்ட்யூப் ஆய்வைப் படித்தேன். 2021. 29 நாடுகள், 2964 பேர். டியூப் போடும் நேரத்தில் நூற்றுக்கு 45 பேருக்கு ஏதாவதொரு பெரிய சிக்கல். பெரும்பாலும் பிரஷர். நூற்றுக்கு மூன்று பேருக்கு இதயமே நின்றிருக்கிறது. படித்ததும் நிம்மதி. இதற்கெல்லாமா நிம்மதி வரும்? வந்தது.

ஆகஸ்ட் 7, வியாழன்
ஜர்னல் கிளப். பிரிஆக்ஸி ஆய்வு என் பங்கு. டியூபுக்கு முன் வெறும் மாஸ்க் வைத்தவர்களில் 18.5 சதவீதம் பேருக்குச் சாச்சுரேஷன் 85-க்குக் கீழே போனது. காற்றை அழுத்தித் தள்ளும் பைப்பாப் மெஷின் வைத்தவர்களில் 9.1. பாதி! சொல்லும்போது குரல் உயர்ந்துவிட்டது. பின்வரிசையிலிருந்து, "மெஷின் காலியா இருந்தா வைப்போம்மா." சிரிப்பு. அடுத்து டிவைஸ் ஆய்வு வந்தது. முதல் முயற்சியிலேயே வீடியோவில் 85 சதவீதம், சாதா பிளேடில் 71. பீரோ சாவிப் பேச்சை எடுத்தேன். "பார்க்கலாம்." வடை நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 8, வெள்ளி
சீனியர் சார்: "டியூபுக்கு முன்னாடி ட்ரிப் அரை லிட்டர் ஓட விடு, பிரஷர் நிக்கும்." 2022-லேயே ஆய்வு செய்து பார்த்தாயிற்று சார், விட்டாலும் விடாவிட்டாலும் ஒன்றுதான். வாய் திறக்கவில்லை. ஓட விட்டேன். மணிக்கட்டு இன்னும் வலிக்கிறது.

ஆகஸ்ட் 9, சனி
எட்டாம் பெட் அம்மா. கையெழுத்துப் போடுமுன் மகன், "டியூப் போட்டா பேசுவாங்களா மேடம்?" டியூப் இருக்கிறவரை முடியாது, இப்பவே வந்து பேசிடுங்க என்றேன். அந்த அம்மா மாஸ்கை விலக்கிக்கொண்டு, "கோழிக்குத் தண்ணி வெச்சியா?" அவ்வளவுதான். பைப்பாப் மூன்று நிமிஷம். பிரஷர் விழாமலிருக்க நார்அட் முன்கூட்டியே ஓடுகிறது. மயக்கத்துக்குக் கெட்டமின், தசை தளர ராக்குரோனியம். குரல்நாண் பளிச். உள்ளே. "ட்ரேஸ் வருதா?" "வருது, வருது." ஒரே ஒரு கார்பன் டை ஆக்சைடு அலையை நம்பக் கூடாது, வயிற்றிலிருந்தும் ஒன்றிரண்டு வரும். ஏழு மூச்சு எண்ணினேன். ஏழும் ஒரே உயரம். பிரஷர் 104. வெளியே, "போயிடுச்சா?" இன்றைக்கு எரிச்சல் வரவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு
மணிக்கட்டில் வீக்கமில்லை, வலி இருக்கிறது. வோலினி தடவினேன். என் அம்மாவின் போனை எடுக்கவில்லை, அப்புறம் பேசணும். தீசிஸ் ஷீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் முயற்சியில் போனதா, ஆம், இல்லை. பிரஷருக்குக் கட்டமே கிடையாது. சேர்க்கணும். எத்திக்ஸ் கமிட்டிக்கு மறுபடியும் போகணுமே என்று கைடு முறைப்பார். நாளைக்கே கேட்டுவிடணும். சார் மூடைப் பார்த்து.