பதிவுக்கு முன் பத்து விநாடி

மரக்காணம் உப்பளங்களில் வாக்குமூலம் பதியப் போகும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. உப்புக்காற்றில் ஹெட்செட் பின்னில் களிம்பேறும். ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தாலே பாதிக் கோளாறு தீரும்.

இரட்டைப் பின் ஹெட்செட்டில் இளஞ்சிவப்புதான் மைக். லேப்டாப்பில் ஒரே துளை என்றால் இரண்டையும் சேர்க்கும் இணைப்பு ஒயர் வாங்குங்கள். இல்லையென்றால் அவர்கள் பேசுவது நமக்குக் கேட்கும், நம் குரல் அங்கே போகாது. சேரிக்கு இது பழகிய கோளாறுதான்!

புதிதாக வாங்கினால் சட்டையில் குத்தும் சாதாரண யூஎஸ்பி மைக் போதும். துளைத் தகராறே இல்லை. கடற்காற்றுக்குப் பஞ்சு உறை அவசியம்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 முதல் நடப்பிலுள்ள 15ஏ(10) பிரிவு, வழக்கு நடவடிக்கைகளைக் காணொலியில் பதியச் சொல்கிறது. அதை நம்பி நாம் சும்மா இருக்க முடியாது. பாத்தியில் நிற்கும் அக்காக்கள் ஒருமுறைதான் மனம்விட்டுப் பேசுவார்கள். பத்து விநாடி பேசவைத்து, போட்டுக் கேட்ட பிறகே முதல் கேள்விக்குப் போகிறேன்.