வர்க்கம் செய்கிற வேலை

கிரே–ஸ்காட் மாதிரியைக் கணினியில் ஓட்டுவது சுலபம். இரண்டு வேதிப்பொருள்கள், கட்டம் போட்ட ஒரு பரப்பு, ஒரு பக்கத்துக்குள் அடங்கும் நிரல். திரையில் புள்ளிகளும் கோடுகளும் நெளிய ஆரம்பித்ததும் பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். எண்களைத் திருகித் திருகிப் படம் பார்ப்பதில் தப்பில்லை. கணக்கு மட்டும் பிடிபடாது. பாடம் எடுக்கும்போது முதலில் கணினியை மூடச் சொல்வேன்.

அந்த இரண்டு பொருள்களில் யூ வெளியிலிருந்து ஊட்டப்படுவது. வீ அதைத் தின்று பெருகுவது. ஒரு யூவும் இரண்டு வீயும் சந்தித்தால் மூன்று வீ. ஆகவே வீயின் வரவு, யூவை வீயின் வர்க்கத்தால் பெருக்கியது. செலவு, வீயை எஃப், கே இரண்டின் கூட்டுத்தொகையால் பெருக்கியது. எஃப் ஊட்டும் வேகம், கே அழியும் வேகம். எஃப் 0.0367, கே 0.0649 என்று வையுங்கள். கூட்டினால் 0.1016. யூ 1 ஆக நிரம்பிய இடத்தில் வீயை 0.01 தூவினால் வரவு 0.0001, செலவு அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். தூவியது மடிந்துவிடும்.

வேதிப்பொருள்கள் கோலமிடுவது பற்றி ஆலன் டூரிங் 1952-இல் காட்டியது வேறு. அங்கே பரவல் சேர்ந்ததும் சீரான நிலையே குலைகிறது. அலைநீளம் பொருந்தினால் மிகச் சிறிய ஏற்ற இறக்கமும் வளரும். கிரே–ஸ்காட்டில் வீ இல்லாத நிலையோ எந்தச் சிறு தூவலையும் விழுங்கிவிடும். இரண்டையும் ‘டூரிங் கோலம்’ என்று ஒரே பெயரில் அழைப்பது எனக்கு உறுத்தும்.

சிறு தூவல் மடிந்துவிடும் என்பதால்தான் ஜான் பியர்சன், 1993-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான தன் கணக்கீட்டில், 256-க்கு 256 கட்டத்தின் நடுவே 20-க்கு 20 சதுரத்தில் யூ 1/2, வீ 1/4 என்று தாராளமாகவே வைத்தார். வீ பெருக வேண்டுமானால் யூவையும் வீயையும் பெருக்கியது எஃப், கே கூட்டுத்தொகையைத் தாண்ட வேண்டும். அங்கே பெருக்கல் 0.125, மேலே வைத்த 0.1016-ஐத் தாண்டிவிடுகிறது.

இதே எண்களில் ஒரு புள்ளி இரண்டாகப் பிளப்பதையும் பார்க்கலாம். புள்ளி பருக்கப் பருக்க நடுவில் யூ தீர்ந்துபோகிறது. யூவின் பரவல் கெழு வீயினுடையதைப்போல் இரு மடங்குதான். ஆனாலும் உள்ளே வந்து சேர்வதற்குள் விளிம்பில் இருக்கும் வீ அதைத் தின்றுவிடுகிறது. நடுவே பெருக்கல் 0.1016-க்குக் கீழே இறங்க, அங்கே வீ அழிகிறது. அப்படியானால் வளையம் அல்லவா மிஞ்ச வேண்டும்? புள்ளி முதலில் ஒரு பக்கமாக நீண்டுவிடுகிறது, அதனால் இரண்டு முனைகள் மிஞ்சுகின்றன. ஏன் நீள்கிறது என்பதற்கு இந்த ஒரு பெருக்கல் போதாது. வட்ட விளிம்பில் எந்த வடிவத் தடுமாற்றம் வளரும் என்று தனியே கணக்குப் போட வேண்டும்.