கடல் ஈன்ற தீவு

1963ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 14ஆம் நாள் காலை, ஐஸ்லாந்தின் தென்கரைக்கு அப்பால் மீன்பிடித்துக்கொண்டிருந்தோர் தொலைவில் கரும்புகை எழக் கண்டனர். யாதோ ஒரு கப்பல் தீப்பற்றிற்றுப் போலும் என்று எண்ணி, அவ்விடம் நோக்கிப் படகைச் செலுத்தினர். ஆங்குக் கப்பல் இல்லை; கடலே கொதித்துப் பொங்கிற்று!

அவ்விடத்துக் கடலின் ஆழம் ஏறத்தாழ 130 மீட்டர். அடித்தரையின் பிளவினூடே எழுந்த நெருப்புக்குழம்பு, கண்காணா ஆழத்தில் குவிந்து மலையாய் வளர்ந்தது; முடி நீர்மட்டத்தை எட்டியபோதே மாந்தர்க்குப் புலனாயிற்று. மறுநாள் தீவொன்று தலைதூக்கியது. பண்டைய வடபுலப் புராணத்து நெருப்பரக்கனின் பெயரால் அதனைச் 'சுர்ட்சி' என்றனர்.

தோன்றுதல் வேறு, நிலைத்தல் வேறு. கடல்நீர் பட்ட குழம்பு வெடித்துச் சாம்பலாய்ச் சிதறும்; சாம்பல் மேட்டை அலைகள் எளிதிற் கரைக்கும். 1965இல் அருகே எழுந்த இரு சிறு தீவுகள் அவ்வாறே அழிந்தன. சுர்ட்சியிலோ, குவிந்த சாம்பலே கரையாகி எரிவாயை நீர் அணுகாது தடுத்தது. 1964 ஏப்ரல் முதல் குழம்பு வெடியாது ஆறாய் ஓடி, இறுகிக் கற்கவசமாயிற்று. அக்கவசமே தீவைக் காத்தது.

1967 ஜூனில் நெருப்பு அவிந்தது. அன்று 2.7 சதுர கிலோமீட்டர் பரந்திருந்த தீவில் ஏறத்தாழப் பாதியை இதுகாறும் அலைகள் உண்டுவிட்டன. எனினும், 1965இலேயே ஆங்கு ஒரு செடி முளைத்தது. பின்னர்ப் பறவைகளும் குடியேறின. வெறும் பாறையில் உயிர் தானே வேரூன்றும் முறையை அறியவேண்டி, ஆராய்ச்சியாளர் தவிரப் பிறர் அங்குக் கால்வைத்தல் தடுக்கப்பட்டுள்ளது. தொடாதிருத்தலே அத்தீவுக்கு மனிதர் செய்யும் துணை.