ஆறாவது மலையில் ஒரு குளியல்

மார்ச் 31 கணக்கு முடிச்சு, கண்ணை மூடினாலும் நம்பரா ஓடிட்டு இருந்த ஒரு ராத்திரி. பிரமோஷன் குடுக்கறேன்னு சொல்லி பேங்க்ல என்னை பிலாஸ்பூருக்குத் தூக்கிப் போட்டு மூணு வருஷம் ஆச்சு. குடும்பம் கோயமுத்தூர்ல. காலேஜ் முதல் வருஷம் படிக்கிற பையன் போன் பண்ணினான்.

"அப்பா, பசங்க எல்லாம் வெள்ளியங்கிரி ஏறப் போறோம். போகட்டுமா?"

லோன் கேட்டு வர்றவங்களுக்கே அஞ்சு நிமிஷத்துல பதில் சொல்ற ஆள் நான். அன்னைக்கு, "நாளைக்குச் சொல்றேன்டா"ன்னு போனை வச்சுட்டேன். ஏன்னு சொல்லணும்னா 1999 ஏப்ரலுக்குப் போகணும். கொசுவத்திச் சுருளைக் கொஞ்சம் சுத்திக்கறேன், பொறுத்துக்கோங்க.

பி.காம். கடைசி வருஷம். நாங்க நாலு பேர். நான், மாமா, பீப்பாய், அப்புறம் லெட்ஜர். (பசங்களுக்கெல்லாம் இப்ப கல்யாண வயசுல பொண்ணு இருக்கு, நிஜப் பேரு வேண்டாம்!) லெட்ஜரோட நோட்டு அச்சடிச்ச மாதிரி இருக்கும். அதைப் பார்த்து எழுதித்தான் மத்த மூணு பேரும் பாஸானோம்.

வெள்ளியங்கிரி தெரியாதவங்களுக்காக: கோயமுத்தூருக்கு மேற்கே பூண்டிதான் அடிவாரம். அங்கிருந்து ஏழு மலை. முதல் மலை முழுக்க செங்குத்தா கல்படி, அதுலயே பாதிப் பேருக்கு ஞானம் வந்துரும். அப்புறம் வழுக்குப்பாறை, கைதட்டிச் சுனை, சீதவனம்னு போய், ஏழாவது மலை உச்சியில சாமி. வெயிலுக்குப் பயந்து ராத்திரிலதான் ஏறுவாங்க. கையில ஒரு மூங்கில் தடி. அது இல்லாம ஏறினா இறங்கும்போது முட்டி பேசும்.

கிளம்பற அன்னைக்கு லெட்ஜர் வீட்டுல சாப்பாடு. அவனுக்குச் சின்ன வயசுல இருந்தே வீசிங். அவங்கம்மா ஒரு இன்ஹேலரை மஞ்சத் துணியில சுத்தி என் கையில குடுத்தாங்க. "இவன் எங்கயாச்சும் போட்டுருவான் சாமி, நீ வச்சுக்கோ."

வச்சுக்கிட்டேன். என் பைக்குள்ள.

பூண்டியில தடி வாங்கின கடையில, "வெயிட்டா இருக்கு, பைகளை இங்கயே போட்டுட்டு தண்ணியும் சோறும் மட்டும் எடுத்துக்கலாம்"னு ஐடியா குடுத்ததும் நான்தான்.

முதல் மூணு மலை ஒரே கூத்து. ஹாஸ்டல் ரேடியோவுல இருந்து சுட்ட பேட்டரி, டார்ச்சுல ரெண்டாவது மலையிலேயே உயிரை விட்டுச்சு. முன்னாடி போன கூட்டத்தோட வெளிச்சத்துல ஒட்டிக்கிட்டே போனோம். புது ஷூ போட்டுட்டு வந்த பீப்பாய் வழுக்குப்பாறையில உக்காந்த வாக்குல சறுக்கினதுல, டவுசர் பின்பக்கம் ரெண்டு கிளை ஆபீஸாப் பிரிஞ்சு போச்சு. சிரிச்சுச் சிரிச்சு லெட்ஜருக்கு இருமலே வந்துருச்சு.

அந்த இருமலைக் கேட்டதும்தான் எனக்கு மஞ்சத் துணி ஞாபகம் வந்துச்சு.

அப்ப மூணாவது மலையில இருக்கோம். சொன்னா, ஒருத்தராவது கீழ இறங்கணும். பயணம் பாழ். 'இவ்வளவு தூரம் நல்லாத்தானே வந்துட்டான், ஒண்ணும் ஆகாது'ன்னு நானே எனக்கு சாங்ஷன் போட்டுக்கிட்டேன். வாயைத் திறக்கலை.

ஆறாவது மலையில ஆண்டி சுனை. தண்ணி ஐஸ். விடியறதுக்கு முன்னாடி இருட்டுல, காத்து வேற ஊசி மாதிரி. லெட்ஜர் வேண்டாம்னுதான் சொன்னான். "ஒரு முங்கு போடுடா, சாமியைப் பார்க்கக் குளிக்காமயா போவே?"ன்னு இழுத்து விட்டதும் நான்தான். (எல்லா நல்ல காரியமும் அன்னைக்கு நம்ம கைராசியிலதான் நடந்துச்சு.)

ஏழாவது மலை பாதி ஏறும்போது அவன் நின்னுட்டான். மூச்சுல விசில் சத்தம். பேச வரலை. நகமெல்லாம் நீலமா இருந்தது டார்ச் இல்லாமலே தெரிஞ்சுது, அந்த அளவுக்கு விடிஞ்சிருந்துச்சு. மாமா அழுதே விட்டான்.

பின்னாடி வந்த கூட்டத்துல ஒரு பெரியவர். பொள்ளாச்சிப் பக்கம் விவசாயம்னு அப்புறம் சொன்னார். "படுக்க வைக்காதீங்க கண்ணு, நிமித்தி உக்கார வையுங்க"ன்னு, ஈரத் துணியை அவுத்துட்டு தன்னோட கம்பளியைச் சுத்தி விட்டார். தடியை முன்னாடி ஊனி அதுமேல சாய வச்சார். "மருந்து இல்லீங்களா?"ன்னு கேட்டார்.

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள லெட்ஜர் விட்டு விட்டுச் சொன்னான், "நான்தான்... மறந்துட்டேன்."

நான் சும்மா நின்னேன்.

வெயில் ஏறி, யாரோ வாங்கிட்டு வந்த சுக்குக் காப்பி உள்ள போய், மெதுவா மூச்சு கொஞ்சம் இறங்குச்சு. ரெண்டு பேர் தோள்ல தொங்கிக்கிட்டே அவன் அடிவாரம் வந்து சேர மத்தியானம் ஆச்சு. கடைசி மலையில நான் மட்டும் முன்னாடி ஓடினேன். என் பையில இருந்த இன்ஹேலரை எடுத்து, அவன் பையில இருந்து எடுத்த மாதிரி ஓடி வந்து குடுத்தேன். "உன் பையிலயேதான்டா இருந்துச்சு!"

அடுத்த ஞாயித்துக்கிழமை அவங்கம்மா எனக்கு ரெண்டு கரண்டி பாயசம் சேர்த்து ஊத்தினாங்க. "நீ கூட இருந்ததாலதான் சாமி எம்பையன் வந்து சேர்ந்தான்." அதைக் குடிச்சேன். அவங்க போய்ச் சேர்ந்தது 2019ல. அதுவரைக்கும் சொல்லலை.

2024ல இதே மலையில மூச்சுத் திணறியும் நெஞ்சு வலிச்சும் சிலர் செத்துப் போனதா செய்தி வந்தப்ப, பிராஞ்ச்ல உக்காந்து அதைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். ஊருக்கெல்லாம் வாராக் கடன் வசூல் பண்றோம், நம்ம பேர்ல ஒண்ணு புக்குலயே ஏறாம நிக்குது.

பையன் கேட்ட அந்த ராத்திரி, லெட்ஜருக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன். எல்லாத்தையும். மூணாவது மலையில ஞாபகம் வந்தது உட்பட.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"என் பையில ஜிப் உடைஞ்சு, மேல கயிறு போட்டுக் கட்டி வச்சிருந்தேன்டா. நீ குடுக்கும்போது அந்தக் கயிறு அவுக்காம அப்படியே இருந்துச்சு. அன்னைக்கே தெரியும்."

"அப்புறம் ஏன்டா நீ மறந்துட்டேன்னு சொன்னே?"

"உன் மூஞ்சியைப் பார்த்தேன். என்னைவிட மோசமா இருந்துச்சு." அப்புறம் ஒரு நிமிஷம் கழிச்சு, "ஆனா மூணாவது மலை விஷயம் தெரியாதுடா" அப்படின்னான். அதுக்கு அவனும் மேல எதுவும் சொல்லலை, நானும் கேட்கலை.

மறுநாள் பையன்கிட்ட, "போயிட்டு வா. ரெண்டே கண்டிஷன்"னேன். யாருக்காவது வீசிங், நெஞ்சுவலி மாதிரி ஏதாவது இருக்கான்னு கிளம்பறதுக்கு முன்னாடியே கேட்கணும், இருந்தா டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் ஏறணும், மருந்து அவனவன் சட்டைப் பையிலதான் இருக்கணும். ரெண்டாவது, எதை மறந்திருந்தாலும் ஞாபகம் வந்த இடத்துலயே சொல்லிட்டு எல்லாரும் இறங்கிரணும். மலை அடுத்த வருஷமும் அங்கயேதான் இருக்கும்.

"சரிப்பா, இதுக்கா ஒரு நாள் யோசிச்சீங்க?"ன்னான்.

போன சனிக்கிழமை ஏறிட்டு வந்துட்டாங்க. போட்டோ எல்லாம் அனுப்பினான். கடைசியா ஒண்ணு சொன்னான்.

"உங்க ஃபிரண்ட் அங்கிள் பூண்டிக்கு வந்திருந்தார்ப்பா. மேல வரலை. நாங்க இறங்கற வரைக்கும் கடையில உக்காந்து எங்க பையெல்லாம் பார்த்துக்கிட்டார்."