கைக்குத் தெரிந்ததை வாய்க்குக் கொண்டு வா

பண்ணைக்காட்டில் தோட்ட வேலையை யாரும் வாயால் சொல்லிக் கொடுப்பதில்லை. முன்னால் ஒருவர் போவார், பின்னால் இன்னொருவர் போவார். காப்பிச் செடியில் எந்தக் கிளையைக் கழிக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று என் அப்பா எனக்குச் சொன்னதே இல்லை. அவர் கத்தி போன இடத்தைப் பார்த்து என் கத்தியும் போனது. எனக்குப் பின்னால் வந்தவர்களும் அப்படித்தான் கற்றார்கள். 'பார்த்துப் படிச்சுக்க' என்பதுதான் கீழ்ப்பழனி மலையின் பாடத்திட்டம். அது நல்ல பாடத்திட்டம்தான். ஆனால் அதில் பாதிதான் இருக்கிறது என்பதைப் பத்தாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தியும் அவள் கூட்டாளிகளும் கணினியில் செய்த ஒரு படத்திலிருந்து தெரிந்துகொண்டேன்.

அவர்கள் செய்தது கொலாஜ். பல படங்களை வெட்டி ஒன்றாக ஒட்டிப் புதுப்படம் ஆக்குவது. 1912இல் பிக்காசோவும் பிராக்கும் ஓவியத்துக்குள் காகிதத் துண்டுகளை ஒட்ட ஆரம்பித்தபோது உலகம் அதைப் பெரிய புதுமை என்றது. பழைய காலண்டரையும் வாரப் பத்திரிகையையும் வெட்டி நோட்டில் ஒட்டிய பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. இவர்களுக்குக் கத்தரிக்கோலும் பசையும் இல்லை, அவ்வளவுதான். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் 'காட்சித் தொடர்பு' என்று ஒரு பாடம் இருக்கிறது. அதில் ஸ்கிராட்ச் என்ற மென்பொருளை அறிமுகப்படுத்துகிறார்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் உருவாக்கி 2007இல் வெளியிட்டது. கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக இருக்கும். ஒன்றின் கீழ் ஒன்றாகப் பொருத்தினால் நிரல். படம் தோன்றும் மேடை 480 புள்ளி அகலம், 360 புள்ளி உயரம். நட்டநடுப் புள்ளி பூஜ்யம். அங்கிருந்து வலமும் இடமும் மேலும் கீழும் எண்ணால்தான் எதையும் வைக்க வேண்டும்.

செல்போனில் எடுத்த படங்களை வைத்துக்கொண்டு ஒரு பண்ணைக்காட்டுத் தோட்டத்தை மேடையில் எழுப்ப வேண்டும் என்பது அவர்கள் திட்டம். காப்பிச் செடி, மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக், ஆரஞ்சு, மலைவாழை, பின்னால் மலை, மேலே மூடுபனி. படம் எல்லாம் தயார். நிரல் எழுத உட்கார்ந்ததும் தகவல் கேட்டு என்னிடம் வந்தார்கள்.

"தாத்தா, நிழல் மரம் எத்தனை போடணும்?"

"வேணுங்கிற அளவுக்குப் போடு பாப்பா."

"வேணுங்கிற அளவுன்னு இதுல கட்டை இல்ல தாத்தா. நம்பர் சொல்லுங்க."

அந்த இடத்தில் நான் யோசிக்க வேண்டியிருந்தது. வேண்டுகிற அளவு எனக்குத் தெரியும். தோட்டத்துக்குள் நடந்தால் கண் சொல்லிவிடும். அதை எண்ணாகச் சொல்லச் சொன்னால் பின்னால் இருக்கும் காரணம் முழுவதையும் வெளியே எடுக்க வேண்டும். தெற்கும் மேற்கும் பார்த்த சரிவில் பிற்பகல் வெயில் கடுமையாக விழும். அங்கே நிழல் கூடுதலாக வேண்டும். கிழக்குச் சரிவில் குறைத்துக்கொள்ளலாம். மரத்தின் கிளைகள் செடிக்கு மேலே உயரமாக இருக்க வேண்டும். காற்றும் வெளிச்சமும் நடுவில் புகுந்து போக வேண்டும். இத்தனையும் சொன்ன பிறகுதான் பிள்ளைகளால் ஒரு விதி எழுத முடிந்தது: மேடையின் இந்தப் பக்கம் இத்தனை மரம், அந்தப் பக்கம் இத்தனை.

வாழைக்கு இன்னொரு வேடிக்கை. 'எங்க வேணா வை' என்றேன். அவர்கள் தற்செயலாக ஓர் எண்ணை எடுக்கும் கட்டையைப் போட்டார்கள். ஓட்டிப் பார்த்தால் ஒரு வாழை பனிக்கு மேலே வானத்தில் நிற்கிறது. இயந்திரம் சொன்னதைத்தான் செய்தது. நாம் 'எங்கே வேண்டுமானாலும்' என்று சொல்லும்போது பாறைமேல் வேண்டாம், ஓடைக்குள் வேண்டாம், பாதையில் வேண்டாம் என்ற எல்லைகளையெல்லாம் மனத்துக்குள் போட்டுவிட்டுத்தான் சொல்கிறோம். கேட்கிற வேலையாளும் அதே மலைக்காரர். அவரே எல்லையைப் போட்டுக்கொள்கிறார். நம் பேச்சில் இருக்கும் ஓட்டையை எதிரில் இருப்பவர் தன் அனுபவத்தால் அடைத்துவிடுவதால், ஓட்டை இருந்ததே நமக்குத் தெரிவதில்லை. கணினிக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. அதனாலேயே அது நல்ல வாத்தியார்.

காகிதத்தில் ஒட்டிய படம் ஒட்டியபடியே இருக்கும். நிரலால் செய்த படம் நடப்பதற்கு ஏற்ப மாறும். ஒரு பையன் மழை பெய்தால் காப்பிச் செடி வெள்ளையாகப் பூக்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். 'மழை பெய்தால் பூ' என்று எழுதிவிட்டான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் காப்பி அப்படிப் பூக்காது. பனிக்காலத்திலும் அதையடுத்த வறட்சியிலும் மொட்டு உறங்கிக் கிடக்க வேண்டும். மார்ச், ஏப்ரலில் பூ மழை விழ வேண்டும். அது தூறலாக இருந்தால் போதாது. ஒரு அங்குலமாவது பெய்ய வேண்டும். பெய்த அன்றே பூக்காது. எட்டு, பத்து நாள் கழித்துத்தான் தோட்டம் வெளுக்கும். பிறகு காய் பிடிக்க இன்னொரு மழையும் வேண்டும். அவனுடைய ஒரே ஒரு 'ஆல்' என்ற நிபந்தனைக்குள் நான்கு நிபந்தனைகள் ஒளிந்திருந்தன. பையனுக்கு விவசாயம் தெரிந்தது. எனக்கு நிரல் என்றால் என்னவென்று தெரிந்தது.

சொல்ல முடியாத விஷயங்களும் உண்டே என்று கேட்பீர்கள். உண்டு. பழத்தின் தோலை நீக்கியபின் காப்பிக் கொட்டையைத் தொட்டியில் புளிக்கப் போடுகிறோம். ஒரு நாளிலும் முடியலாம். குளிர் அதிகமானால் ஒன்றரை நாளும் தாண்டலாம். மணிக்கணக்கு வைத்துக் கழுவினால் சில சமயம் கெட்டுப் போகும். கைதான் சொல்ல வேண்டும். ஆனால் கை என்ன பார்க்கிறது என்பதைச் சொல்ல முடியும்: ஒரு பிடி எடுத்து நன்றாகக் கழுவித் தேய்த்துப் பார், வழவழப்பு இருந்தால் விட்டுவிடு, சரளைக் கல்போல நறநறவென்று இருந்தால் கழுவத் தொடங்கு. ஸ்கிராட்சில் 'இது ஆகும் வரை திரும்பச் செய்' என்று ஒரு கட்டை இருக்கிறது. பேத்தி இதைக் கேட்டவுடன், "வழவழப்புப் போற வரைக்கும் ரிப்பீட்டு, அவ்வளவுதானே தாத்தா" என்றாள். அவ்வளவுதான். தொட்டுப் பழகும் வேலை அவளுக்கு இன்னும் பாக்கி இருக்கிறது. எதைத் தொட வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

கைக்குத் தெரிந்ததை விதியாகச் சொல்லும் இந்தச் சங்கதி தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி என்ற பேராசிரியர் இருந்தார். அவரும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1974இல் கோலத்தைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கணினியில் படங்களைக் கையாளும் துறைக்கான சர்வதேச இதழில் அது வந்தது. சிறிய கோலம் ஒன்றிலிருந்து அதே இனத்துப் பெரிய கோலத்தை எந்த விதியால் வளர்க்கலாம் என்பதை மொழிக்கு இலக்கணம் எழுதுவதுபோல எழுதிக் காட்டினார்கள். படங்களின் இலக்கணம் என்ற கணினித் துறைக்கு எங்கள் வீட்டு வாசல் இப்படித்தான் உதாரணமாயிற்று. வாசல் தெளித்துப் புள்ளி வைத்த பெண்கள் யாரும் அந்த விதிகளை எழுதி வைக்கவில்லை. ஏழு புள்ளிக் கோலத்தைப் பதினைந்து புள்ளிக்குப் பெரிதாக்க அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவு விரலில் இருந்தது. அதை வார்த்தைக்குக் கொண்டுவர அவர்களையும் கோலத்தையும் மதித்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். கோலத்தின் பெருமை அதனால் ஒரு பொட்டும் குறையவில்லை. இன்னொரு துறைக்கும் அது வழிகாட்டியது.

நிரல் எழுத இயந்திரமே வேண்டும் என்பதும் இல்லை. ஹங்கேரியில் 1924இல் பிறந்து பாரிசில் வாழ்ந்த ஓவியர் வேரா மோல்னார் 1968இல் கணினியைத் தொட்டார். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, இல்லாத இயந்திரம் ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு, படத்துக்கான விதிகளை எழுதி, அவற்றைத் தானே படிப்படியாகக் கையால் வரைந்து பார்த்தார். கணினி வந்தபோது அவரிடம் சொல்வதற்கு விஷயம் தயாராக இருந்தது. ஒழுங்காக அடுக்கிய சதுரங்களில் ஒரு சதவீதம் மட்டும் கலைத்துப் பார்ப்பது அவருக்குப் பிடித்த வேலை. ஒழுங்கு எங்கே இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் எவ்வளவு கலைக்கலாம் என்பதும் தெரியும். 2023இல், 99 வயதில் காலமானார். கடைசிவரை வேலை செய்தார். கணினிக் கூடம் பூட்டிக் கிடக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும், மின்சாரம் போன மாலையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்கிறேன். நோட்டும் பென்சிலும் போதும்.

இப்போது ஒரு வரி எழுதினால் படம் போட்டுத் தரும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இவ்வளவு பாடு எதற்கு என்று வீட்டிலேயே ஒரு பேரன் கேட்டான். 'பழனி மலைத் தோட்டம்' என்று எழுதிக் காட்டினான். கண் மூடித் திறப்பதற்குள் படம் வந்தது. பச்சைப் பசேலென்று வரிசை வரிசையாகத் தேயிலை. எங்கள் தோட்டத்தில் இருப்பது காப்பி. மரநிழலில், மிளகுக்கும் ஆரஞ்சுக்கும் நடுவில் இருப்பது. அந்த இயந்திரம் நாம் சொல்லாமல் விட்டதையெல்லாம் தானே நிரப்பிக்கொள்கிறது. எதைக் கொண்டு நிரப்புகிறது? உலகத்தில் அதிகமாகக் கிடக்கும் படங்களைக் கொண்டு. மலைத்தோட்டம் என்றால் பெரும்பாலோர் படம் எடுத்தது தேயிலையை. சொல்லத் தெரியாதவன் ஊரை மற்றவர் ஊர் வந்து மூடிக்கொள்ளும். அந்தக் கருவியையும் பயன்படுத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதனிடமும் சரியாக வேலை வாங்க, என்ன வேண்டும் என்று முழுதாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

கொலாஜில் இன்னொரு ஒழுக்கமும் இருக்கிறது. அதில் ஒட்டுவது பெரும்பாலும் யாரோ எடுத்த படம். ஸ்கிராட்ச் தளத்தில் ஒருவர் பகிர்ந்த வேலையை மற்றவர் எடுத்து மாற்றலாம். ஆனால் முதலில் செய்தவர் பெயர் அதில் நிற்கும். பிள்ளைகள் தங்கள் படத்தின் கடைசியில் யார் தோட்டம், எந்தப் படத்தை யார் எடுத்தது என்று எழுதியிருந்தார்கள். பெரியவர்கள் மேடைப் பேச்சில் விட்டுவிடுகிற நாகரிகம் அது.

இவ்வளவும் ஒரு படத்துக்காக நடந்தது. ஆனால் வாழ்க்கையில் இதன் பயன் படத்தோடு நிற்காது. எங்கள் பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தார். மேலே ஊற்றிலிருந்து தோட்டத்துக்கு வரும் குழாய் எந்த மேட்டுக்கு அடியில் போகிறது, வால்வு எந்தப் பாறைக்குப் பின்னால் இருக்கிறது என்பது அவருக்கு மட்டும் தெரியும். யாரிடமும் மறைக்கவில்லை, யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவர் கண்மூடிய பிறகு பிள்ளைகள் ஒரு கோடை முழுக்க மண்ணைத் தோண்டினார்கள். வரப்பு எது, வரவேண்டிய கடன் எது, எந்த மருந்து மனைவிக்கு ஒத்துக்கொள்ளாது என்று எத்தனையோ விஷயங்கள் ஒவ்வொரு வீட்டிலும் ஒரே ஒருவர் தலைக்குள் இருக்கின்றன. 'சொல்லாமலே புரிஞ்சுக்கணும்' என்பதைப் பாசத்தின் அடையாளமாக நாம் வைத்திருக்கிறோம். புதிதாகக் கல்யாணமான பிள்ளைகள் பாதிச் சண்டையை அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் போடுகிறார்கள். எனக்குத் தெரிந்து, நீண்ட நாள் சேர்ந்து வாழ்ந்தவர்கள் கேட்டுக்கொண்டும் சொல்லிக்கொண்டும் வாழ்ந்தவர்கள். சொல்லாமலே புரிவது அதற்குப் பிறகு தானாக வந்தது.

அதனால் பிள்ளைகளே, உங்கள் வீட்டில் யாராவது கையால் செய்யும் ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சாமிர்தத்துக்கு ஏற்ற மலைவாழைப் பழத்தைப் பதம் பார்ப்பதாக இருக்கட்டும், மிளகு காயவைப்பதாக இருக்கட்டும், அடை தட்டுவதாக இருக்கட்டும். அதைப் படிப்படியாக எழுதுங்கள். அந்த வேலை தெரியாத ஒருவரிடம் கொடுத்து, நீங்கள் வாய் திறக்காமல் பக்கத்தில் நின்று பாருங்கள். அவர் எங்கே திகைத்து நிற்கிறாரோ அங்கே நீங்கள் எதையோ விட்டிருக்கிறீர்கள். அந்த வரியைத் திருத்துங்கள். நிரல், ஓவியம், குடும்பம் மூன்றுக்கும் இந்தப் பயிற்சி ஒன்றுதான்.

என் வயதுக்காரர்களுக்கு ஒன்று. பேரப்பிள்ளை 'ஏன், எவ்வளவு, எது வரைக்கும்' என்று நச்சரித்தால் 'அதெல்லாம் அப்படித்தான்' என்று வாயை அடைக்காதீர்கள். அந்தக் கேள்விகள் நம்மைச் சோதிக்க வந்தவை அல்ல. நம்மிடம் இருப்பதை வாங்கிக்கொள்ள வந்தவை. கேட்பவர் எதிரில் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். கேட்க ஆளில்லாத பிறகு எவ்வளவு தெரிந்திருந்தும் பயனில்லை.