பட்டுப் புடவையில் பேனா மை: ஸ்பிரிட் தொடலாமா?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீடு. பேத்தியின் பால்பாயின்ட் பேனா, பாட்டியின் அரக்கு நிற முகூர்த்தப் பட்டில் கோடு இழுத்துவிட்டது.

கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டுப் பசைக்கும் அந்த வீட்டில் சர்ஜிக்கல் ஸ்பிரிட்தான். மருமகள் அதை எடுத்து வந்தார். மை கரையும், சரி. சாயமும் கரைந்தால்? தறியிலேயே வயதான பாட்டிக்குச் சந்தேகம். இடுப்பில் சொருகும் உள்முனையில் பஞ்சால் ஒற்றிப் பார்த்தார். பஞ்சு சிவந்தது. உடனே பாட்டிலை மூடச் சொன்னார். (கோர்வைப் புடவை என்றால் உடல், கரை இரண்டிலும் பார்க்க வேண்டும், சாயம் வேறு வேறு.)

அப்போதுதான் மருமகள் கவனித்தார்: நாலடி தள்ளி சாமி விளக்கு எரிகிறது! ஸ்பிரிட்டின் ஆவிகூட சட்டென்று தீப்பற்றும்.

கோடு அப்படியே இருக்கிறது. கொசுவத்துக்குள் மறைத்துக் கட்டிக்கொள்கிறார் பாட்டி.