பாங்காக்: கழுத்து பத்திரம்

46 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தரைப் பார்த்துவிட்டு வரும் பயணிகளின் கால்கள் தாமாகவே மசாஜ் கூடத்தைத் தேடுகின்றன. பாங்காக்கின் வாட் போ கோயிலில் 1955-லிருந்து இது பாடமாகவே கற்பிக்கப்படுகிறது. எண்ணெய் கிடையாது. தளர்வான உடையோடு பாயில் படுத்தால் போதும். உள்ளங்கை, முழங்கை, சில சமயம் பாதம்கூட முதுகில் ஏறும். 2019-ல் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலிலும் இடம் கிடைத்தது.

வெளியே தெருவுக்குத் தெரு கடைகள். 2016-ம் ஆண்டுச் சட்டப்படி கடைக்கு உரிமமும் பிடித்துவிடுபவருக்குப் பதிவும் வேண்டும். சுவரில் உரிமத்தைக் காணோமா? நடையைக் கட்டுவது உத்தமம். கட்டணத்தையும் முன்பே பேசிவிட வேண்டும்.

ஆனால் பெரிய ஆபத்து பர்ஸுக்கு அல்ல, கழுத்துக்கு. நம்மூர் சலூனில் சொடுக்கு எடுத்துப் பழகியவர்கள் அங்கேயும் தலையைக் கொடுத்துவிடுகிறார்கள். வெடுக்கென்று திருப்பினால், அபூர்வமாக, மூளைக்குப் போகும் தமனி கிழிந்து பக்கவாதம் வரலாம். நீண்ட விமானப் பயணத்துக்குப் பின் ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறதா? அது களைப்பல்ல, ரத்தக்கட்டியாக இருக்கலாம். பிடித்துவிட்டால் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும். அவர்கள் போக வேண்டியது ஆஸ்பத்திரிக்கு.

மற்றவர்கள் தாய்லாந்து மொழியில் இரண்டு சொற்களோடு பாயில் படுக்கலாம். "ஜெப்" என்றால் வலிக்கிறது. "பாவ் பாவ்" என்றால் மெதுவாக.